அயர்லாந்துக்குப் போன கொசுறு

ஷிப்பிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் கேட்பது, எந்தக் காகிதம் எங்கே போக வேண்டும் என்பதைத்தான். அதை நான் சொல்லித்தருவதில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு பாதிக் காகிதங்கள் மாறிவிட்டன, மீதி கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. மாறாத ஒன்று இருக்கிறது. ஒரு நாள் உங்களுக்கு ஒரு போன் வரும். சரக்கு எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கும். முதலாளி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். எனக்கு அப்படி வந்த ஒரு போனைப் பற்றி எழுதுகிறேன்.

பிரெக்ஸிட் என்றால் உங்களுக்கு டி.வி.யில் கொடி பிடித்துக் கத்தியவர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். எனக்கு ஒரு வெள்ளைக் கவுன்தான் ஞாபகத்துக்கு வரும். எட்டு வயதுப் பெண்ணின் அளவு, கழுத்தில் லேஸ், இடுப்பில் சாட்டின் ரிப்பன். கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல் முறையாக நற்கருணை வாங்குவதைப் புதுநன்மை என்போம், அன்றைக்குப் பெண் பிள்ளை போட்டுக்கொள்ளும் கவுன். பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கத்து மாதா கோயிலில் என் மகளும் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் முதல் நற்கருணை வாங்கினாள். அந்தக் காலையில் அவள் காபிகூடக் குடிக்கவில்லை, கவுனில் சிந்திவிடுமாம். அந்த ஒரு நாள் கழிந்தால் கவுன் பீரோவுக்குள் போய்விடும், மறுபடி யாரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் ஃபேக்டரி ஒசூர் ரோட்டில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி இருந்தது. குழந்தைகள் உடுப்பு தைத்து ஏற்றுமதி செய்தோம். நான் ஷிப்பிங் மேனேஜர். பிறந்தது கோலார் தங்கவயல், வாழ்க்கைப்பட்டது அல்சூர். வாய் கொஞ்சம் நீளம் என்று இரண்டு ஊரிலும் பேர் எடுத்தவள்.

எங்களுக்குப் பெரிய வாடிக்கை இங்கிலாந்தில் ஒரு அம்மா. அவரும் அவர் கணவரும் சேர்ந்து நடத்திய சின்னக் கம்பெனி, ஒரே ஒரு கிடங்கு. நாங்கள் தைத்ததெல்லாம் அந்தக் கிடங்குக்குப் போகும். அங்கே பெட்டியைப் பிரித்து, கடைவாரியாக மறுபடி கட்டி, பாதியை இங்கிலாந்துக் கடைகளுக்கும் பாதியை அயர்லாந்துக் கடைகளுக்கும் அனுப்புவார்கள். அயர்லாந்தில் ஈஸ்டர் முடிந்து மே மாதத்தில் வரும் புதுநன்மை என்றால் ஊரே திருவிழா. தையல் மெஷின் வரிசையை லைன் என்போம், எங்கள் நாலாம் லைன் முழுக்க அந்த வெள்ளைக் கவுன்களைத்தான் தைத்தது.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தது. அயர்லாந்து உள்ளேயே இருந்துவிட்டது. இதனால் நமக்கென்ன என்று நாங்களும் டீ குடித்துக்கொண்டுதான் இருந்தோம். கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திபெலே வழியாக லாரி ஓட்டிய பழைய டிரைவர் யாரையாவது கேளுங்கள். ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்னால் அங்கே வரிச் சாவடியில் லாரிகள் எப்படி வரிசைகட்டி நிற்கும் என்று கதை கதையாகச் சொல்வார்கள். நாம் அந்தச் சாவடியை எடுத்துவிட்டோம். இங்கிலாந்துக்காரர்கள் இல்லாத சாவடியை வரவழைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்திலேயே தைத்த துணியாக இருந்தால் வரியில்லாமல் அயர்லாந்துக்குள் போயிருக்கும். எங்கள் கவுன் பெங்களூரில் தைத்தது. அதனால் இங்கிலாந்தில் இறங்கும்போது ஒரு வரி, அங்கிருந்து அயர்லாந்துக்குள் நுழையும்போது இன்னொரு வரி. அந்த அம்மா ஒரு சீசன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் கட்டினார். அடுத்த சீசனில் ஆர்டரைப் பாதியாக வெட்டிவிட்டார். அயர்லாந்துக் கடைக்காரர்கள் ஸ்பெயினில் வாங்கப் போய்விட்டார்களாம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நாலாம் லைனை தீபாவளிக்கு அப்புறம் நிறுத்திடலாம்மா. ஆர்டர் இல்லாம மெஷினுக்கு எண்ணெ போட்டுட்டு உக்காரவா?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் கஷ்டம் வந்தால் கடைசியில் நிற்கிறவரையே முதலில் தள்ளிவிடும் புத்தி.

நாலாம் லைனின் சூப்பர்வைசர் சரோஜா. அத்திபெலேக்காரி, நூல் வெட்டும் ஹெல்ப்பராகச் சேர்ந்து மேலே வந்தவள், மகள் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாள். லைனில் இருந்த பெண்கள் பாதிப் பேரை அவளே ஊரிலிருந்து கூட்டிவந்து மெஷினில் உட்கார வைத்திருந்தாள். லைன் நின்றால் அத்தனை பேர் வீட்டு வாசலையும் தாண்டித்தான் அவள் தன் வீட்டுக்குப் போக வேண்டும். விஷயம் தெரிந்ததும் நேராக என் மேசைக்கு வந்தாள்.

"வேற எதுனா வழி இருக்குதா மேடம்? இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. நான் இப்பவே பொண்ணுங்களுக்குச் சொல்லணும், வேற எடம் தேடணும்ல."

ஒரு வழி இருந்தது. அயர்லாந்துச் சரக்கை இங்கிலாந்துக்கு அனுப்பாமல், இங்கிருந்து நேராக டப்ளினுக்கே அனுப்புவது. வரி ஒரு முறைதான். ஆனால் நடுவில் கிடங்கு கிடையாது. அந்தக் கிடங்கு செய்த வேலையை நாங்கள் இங்கேயே செய்ய வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் தனித்தனிப் பெட்டி, எந்த அளவில் எத்தனை என்று பார்த்துப் பார்த்து அடுக்க வேண்டும். எங்கள் பேக்கிங் ஆட்களுக்கு மொத்தமாகக் கட்டித்தான் பழக்கம். முதலாளி உதட்டைப் பிதுக்கினார். சரோஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஊசில நூல் கோக்கத் தெரிஞ்சவளுக்கு அட்டப்பெட்டி மூடத் தெரியாதா சார்? எங்க லைன்கிட்ட குடுங்க. தெச்சது நாங்க, கட்டறதும் நாங்களே கட்டறோம்."

இங்கிலாந்து அம்மா சம்மதித்து, இதற்கென்றே அயர்லாந்தில் சின்னதாக ஒரு கம்பெனி பதிவு செய்தார். முதலாளி ஒரு நிபந்தனை வைத்தார். ஒரே ஒரு ஷிப்மென்ட். அது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் நாலாம் லைன் இருக்கும். இல்லாவிட்டால் அதோடு சரி.

சென்னைத் துறைமுகம் வழியாகச் சரக்கு கிளம்பியது. ஈஸ்டருக்கு முன்பாகவே டப்ளினில் இறங்கியும்விட்டது. நான் சரோஜாவிடம் மைசூர்பாக்கு வாங்கிவைக்கச் சொன்னேன். அவள் வாங்கியும்விட்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் போன் வந்தது. டப்ளினில் எங்கள் சரக்கைப் பார்த்துக்கொண்ட ஏஜென்ட் பேசினார். புதுக் கம்பெனி, முதல் சரக்கு என்பதால் அங்கே கஸ்டம்ஸில் மூன்று பெட்டிகளைத் திறந்து எண்ணியிருக்கிறார்கள். மூன்றிலும் இன்வாய்ஸில் எழுதியதைவிட ஒரு கவுன் கூடுதல். "கணக்கில் காட்டாத சரக்கு" என்று மொத்தத்தையும் நிறுத்திவிட்டார்கள். எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. உங்களுக்குப் புரிய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். துணி வெட்டும்போது, தையலில் நாலைந்து கெட்டுப்போகும் என்று எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டுவோம். நன்றாகத் தைத்தால் அந்தக் கூடுதல் பீஸ்கள் மிஞ்சும். முன்னொரு காலத்தில் எவனோ ஒரு வாடிக்கைக்காரன் பெட்டியில் பீஸ் குறைகிறது என்று சண்டைக்கு வந்தானாம். அன்றிலிருந்து எங்கள் முதலாளி, மிஞ்சியதைப் பெட்டிக்கு ஒன்றாகப் போட்டு அனுப்பச் சொல்லிவிட்டார். காய்கறிக்காரர் பையில் ஒரு கொத்து கறிவேப்பிலையைச் செருகுகிற மாதிரி. ஃபேக்டரியில் அதற்குப் பெயரே கொசுறுதான். எனக்கும் தெரியும், வாட்ச்மேனுக்கும் தெரியும். அப்போதும் அது கணக்கில் காட்டாத சரக்குதான். ஆனால் அத்தனை வருஷம் ஒரே ஆளுக்குப் போன சரக்கை இங்கிலாந்தில் யாரும் திறந்து எண்ணவில்லை. கிடங்கில் பிரிக்கும்போது கொசுறு தனியாக வெளியே வந்துவிடும், கிழிந்து திரும்பிவரும் கவுனுக்கு மாற்றாக அந்த அம்மா வைத்துக்கொள்வார். எங்கள் தப்பையெல்லாம் அந்தக் கிடங்கு சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தது. இப்போது கிடங்கு இல்லை, சாவடி மட்டும் இருந்தது.

முதலாளி அறைக்குப் போனேன். அவர் அதற்குள் விளக்கத்தை மனதுக்குள் எழுதியே முடித்திருந்தார்.

"இந்த மூணு பாக்ஸ்ல மட்டும் பேக்கிங் மிஸ்டேக்னு போடு. பேக்கிங் சூப்பர்வைசரை வேலையவிட்டு எடுத்தாச்சுன்னு அடியில ஒரு வரி சேத்துடு. ஆக்‌ஷன் எடுத்தோம்னா விட்டுடுவான். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்மா, லைனே போறதுக்கு ஒருத்தி போனாப் போகட்டும்."

"சரோஜாவைக் கூப்பிடலாமா சார்?" என்றேன்.

"அவளை எதுக்கு?"

"வேலையவிட்டு எடுத்தாச்சுன்னு எழுதணும்ல, முதல்ல அவளுக்குத் தெரிய வேணாமா?"

சரோஜா வந்தாள். பெட்டியில் கூடுதலாகப் போட்டீர்களா என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்துபோனது.

"எல்லாப் பெட்டிலயும் போட்டோம் மேடம். ஒண்ணுகூட விடல. முதல் சரக்கு, நம்ம பேரு நிக்கணும்னு இருக்கறதுலயே நல்ல பீஸா பாத்து வெச்சோம். ரொம்ப சந்தோசப்பட்டாங்களா?"

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் அவளுக்கு விளக்கினேன். அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சார்தான போடச் சொன்னாரு, அந்தக் காலத்துலேந்து?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் இதை எழுதச் சொன்னவர்கள் வெட்டிவிடுவார்கள். ஆனால் கோபத்தில் ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன். நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவர் அடுத்து என்ன செய்வார் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

"சார், மூணு பெட்டி திறந்தாங்க, மூணுலயும் இருந்துச்சு. நாலாவதைத் திறக்காம இருப்பாங்களா? நாம மூணுலதான்னு எழுதினப்புறம் நாலாவதுல ஒண்ணு வந்துச்சுன்னா, அது மிஸ்டேக் இல்ல, பொய். இன்னிக்கு நாம கொசுறு போட்ட முட்டாளுங்க. நாளைக்குத் திருட்டுத்தனமா அனுப்பினவங்க. அந்தம்மாவோட கம்பெனியும் நம்மளோட சேந்து முழுகும்."

"எல்லாத்துலயும் இருக்குன்னு எழுதினா எல்லாத்தையும் திறந்து எண்ணுவாங்களேம்மா! சீசன் போயிடும். கவுன வெச்சு என்ன பண்றது, கொசு வலை கட்டறதா?"

அவர் சொன்னதும் நிஜம்தான். உண்மையைச் சொன்னால் எல்லாம் சுபமாக முடியும் என்று எனக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. எண்ணி முடிப்பதற்குள் மே மாதம் வந்துவிட்டால் கவுன்களும் போச்சு, நாலாம் லைனும் போச்சு. பொய் எழுதி, அதிர்ஷ்டம் இருந்து, நாலாவது பெட்டியைத் திறக்காமல் விட்டால் லைன் பிழைக்கும், சரோஜா மட்டும் போவாள். அந்த ஐந்து நிமிஷத்தில் தராசு அப்படித்தான் நின்றது.

"இன்வாய்ஸ்ல என் கையெழுத்து இருக்கு சார். எல்லாப் பெட்டிலயும் இருக்குன்னு இவ சொன்னது என் காதுல விழுந்துடுச்சு. இனிமே மூணுதான்னு என் கையால எழுத வராது. வேற யாராவது எழுதட்டும், அதுக்கு முன்னாடி என் பேரை எடுத்துடுங்க. இவளை எடுக்கணும்னா என்னையும் சேத்து எடுங்க. அந்தக் கொசுறு எனக்கும் தெரியும்தானே."

அவர் பதில் சொல்வதற்குள் இங்கிலாந்து அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். மரியாதை இல்லாத காரியம்தான். நல்ல வேளை, அவர் எடுத்தார். பழக்கம் எங்களுடையது, பேக்கிங் ஆளின் தப்பு இல்லை, எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது, எல்லாவற்றையும் எண்ணச் சொல்லி நாங்களே கேட்கப்போகிறோம், செலவும் அபராதமும் எங்களுடையது என்று ஒரே மூச்சில் சொன்னேன். 'எங்களுடையது' என்றபோது முதலாளி என்னை முறைத்தார்.

அந்த அம்மா பேசினார். கோபமாகத்தான் பேசினார். "ஒன்றும் மாறாது, ஒன்றும் மாறாது என்று எல்லோரும் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என் கிடங்கில் ஆளைக் குறைத்த பிறகும் சொன்னார்கள். இனி அப்படி யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். உள்ளதை எழுதுங்கள். இன்றே எழுதுங்கள். என் பெயரிலும் ஒன்று எழுதி அனுப்புகிறேன்."

எழுதினேன். பாதிப் பக்கம்கூட வரவில்லை. இங்கே ஏற்றுமதிக் காகிதத்திலும் திருத்தம் கேட்டு, சென்னை கஸ்டம்ஸ் ஏஜென்டுக்கு அதே உண்மையை அனுப்பினேன். ஒரு ஊருக்கு ஒரு கதை என்று எழுத ஆரம்பித்தால் எந்த ஊருக்கு எந்தக் கதை என்று ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது.

டப்ளினில் எல்லாப் பெட்டிகளையும் திறந்து எண்ணினார்கள். அந்த நாட்களில் சரோஜா என் மேசைப் பக்கம் வரவே இல்லை. மைசூர்பாக்கு அவள் மேசை டிராயரில் கிடந்து கல்லாகிவிட்டது. முதலாளி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, சொல்ல வேண்டியதை பியூனிடம் சொல்லி அனுப்பினார். நான் காலையில் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டேன். ஜெயிக்க வேண்டும் என்று இல்லை, அயர்லாந்தில் யாரோ ஒரு பெண் கவுன் இல்லாமல் நின்றுவிடக் கூடாது என்றுதான்.

நாங்கள் எழுதியபடியே எல்லாப் பெட்டியிலும் ஒன்று கூடுதலாக இருந்தது. திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். அபராதம் போட்டார்கள், கட்டினோம். சரக்கு வெளியே வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். சில ஊர்களில் புதுநன்மை நாள் அதற்குள் முடிந்துவிட்டது. அந்தக் கடைக்காரர்கள் சரக்கை வாங்க மாட்டேன் என்றார்கள், நஷ்டம் எங்கள் தலையில் விழுந்தது. பெரும்பாலான கடைகளுக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

முதலாளி சரோஜாவையும் என்னையும் கூப்பிட்டார். "அடுத்த சீசனும் நேரா டப்ளினுக்கே அனுப்பச் சொல்லி அந்தம்மா ஆர்டர் போட்டிருக்காங்க" என்றார். சரோஜா, "அப்ப லைன் இருக்குதா சார்?" என்று நேராகவே கேட்டாள். "இருக்கு. கொசுறுதான் இல்ல" என்றார் அவர். மன்னிப்புக் கேட்டுக்கொள்கிற வகையில்லை அவர். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லும்போது ஜன்னலைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

உத்தரவு போட்டால் பழக்கம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். நான் நோட்டீஸ் ஒட்டினேன், மைக்கில் கத்தினேன். அப்படியும் பெட்டியில் இடம் இருந்தால் ஒரு கை தானாக ஒரு பீஸைச் செருகிவிடும். நல்ல மனதோடு செய்கிற தப்பை நிறுத்தப் பட்ட கஷ்டத்தை வேறெதிலும் நான் படவில்லை. கடைசியில் சரோஜா, மிஞ்சிய பீஸ்களை அடுக்கிவைக்கும் மேசையையே பேக்கிங் ஹாலிலிருந்து தூக்கி என் அறைக்கு எதிரே போட்டுவிட்டாள். "கண்ணுல பட்டாத்தான மேடம் கை போவும்? உங்க மூஞ்சப் பாத்துக்கினு எவ எடுப்பா?" என்றாள். மிஞ்சிய வெள்ளைக் கவுன்களை முதலாளியிடம் எழுதி வாங்கி, கேட் பாஸ் போட்டு, தங்கவயலில் எங்கள் பழைய கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த வருஷம் அங்கே புதுநன்மை வாங்கிய பெண்கள் அயர்லாந்துக் கவுனில் நின்றார்கள். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிரிட்டன் வெளியேறியதில் நாடுகளுக்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதுவார்கள், படித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தது ஒசூர் ரோட்டில் ஒரு லைன். எங்கேயோ இரண்டு தேசங்களுக்கு நடுவில் ஒரு கோடு விழுந்தது. அதனால் இங்கே ஒருத்தி நல்லெண்ணத்தோடு வைத்த கவுன் குற்றமாகிவிட்டது. இனியும் கோடுகள் விழும், அழியும், வேறு இடத்தில் விழும். உங்கள் பழக்கங்களை நடுவில் யார் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று இப்போதே பார்த்து வையுங்கள். மாட்டிக்கொண்டால் கடைசியில் நிற்கிறவளைக் காட்டிக்கொடுத்துத் தப்பிக்காதீர்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று நாலாம் லைன் முழுக்கக் கூடி நின்றது. சரோஜா ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். ஏற்றுமதிக்குக் கட்டுகிற மாதிரியே டேப் போட்டு, மேலே லேபிள் ஒட்டி, என் பெயர், அல்சூர் விலாசம், 'சேலை, பீஸ் 1' என்று எழுதியிருந்தது. பிரித்தேன். அரக்கு நிறத்தில் பட்டுச்சேலை. அழுகையை மறைக்க, பெட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவுகிற மாதிரி நடித்துக்கொண்டே, "என்ன சரோஜா, எனக்குக்கூடக் கொசுறு கிடையாதா?" என்றேன்.

அவள் சிரிக்கவே இல்லை.

"லேபிள்ல ஒண்ணுதான மேடம் போட்டிருக்குது."